பரீட்சைக்கு மூன்று மாதம், காலில் வலி: நீச்சலா, சைக்கிளா, ஓட்டமா, ஓய்வா?

பிப்ரவரியில் என் நிலைமை இது. மே மாதம் சி.ஏ. ஃபைனல், இரண்டு குரூப்பும் சேர்த்து ஆறு பேப்பர். ஆகஸ்டில் ஒலிம்பிக் தூர டிரையத்லான்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இரண்டுக்கும் நடுவே வலது கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் ஒரு வலி.

பிசியோ அக்கா முதலில் கேட்டது ஒன்றுதான்: "எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டு." நான் உள்ளங்கையால் நீளமாகத் தடவிக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வலி இப்படிப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ், அதாவது ஓடி ஓடிக் கணைக்கால் எலும்பின் ஓரம் நொந்துபோவது. ஒரே விரலால் ஒரே புள்ளியைக் காட்டியிருந்தால் எலும்பில் விரிசலா என்ற சந்தேகம் வரும். அது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருக்கும். "ஓட்டம் மட்டும் கூடாது, மத்ததை நீயே முடிவு பண்ணு" என்று அனுப்பிவிட்டார். அந்த "மத்தது"தான் தலைவலி.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: மூன்றையும் பாதியாகக் குறைத்தேன். ஓட்டம் கூடாது என்றவரிடம் சொல்லாமல் இரண்டு கி.மீ. மெதுஓட்டமும் அதில் சேர்த்தி. இரண்டே வாரத்தில் கைவிட்டேன். பயிற்சி நேரம் பாதியாகிறதே தவிர, அதைச் சுற்றியுள்ள நேரம் குறைவதே இல்லை. பை கட்டுவது, வண்டி எடுப்பது, குளிப்பது, பிறகு கண் சொக்குவது எல்லாம் முழுசாக அப்படியே இருந்தன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதிலும் ஒரு கால் ஏற்கெனவே வலிக்கிற கால்.

நேரக் கணக்கில் ஓட்டத்தை மிஞ்ச எதுவும் இல்லை. சென்னை மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து ஷூ மாட்டி இறங்கினால் பட்டினப்பாக்கம் பக்கம் போய், நாற்பதே நிமிடத்தில் குளித்து முடித்து மேசையில் உட்கார்ந்துவிடலாம். படிக்கிறவனுக்கு என்றே செய்த விளையாட்டு. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. வலியைக் கொடுத்ததே அதுதான். மலிவாகக் கிடைப்பதுதான் உடைக்கிறது என்பது இந்த விளையாட்டின் குசும்பு.

நீச்சல் நேர் எதிர். காலுக்கு அதைப் போல சாது கிடையாது. தொடைகளுக்கு நடுவே புல் பாய் என்ற மிதவையைச் செருகிக்கொண்டால் கால் சும்மா மிதக்கும், கை மட்டும் வேலை செய்யும். ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது நீளம் போனால் 1.5 கி.மீ. முடிந்தது. ஆனால் வேளச்சேரி குளத்துக்குப் போய் ஒரு மணி நேர பேட்ச் முடித்து வீடு திரும்ப இரண்டேகால் மணி நேரம். அப்புறம் இட்லி சாப்பிட்டு ஆடிட்டிங் புத்தகத்தைத் திறந்தால் ஒன்பது மணிக்கே தலை சாயும். "கடல் இருக்கே" என்பார்கள். மெரினாவின் இழுப்பு தெரிந்தவர்கள் அங்கே தனியாக இறங்க மாட்டார்கள்.

சைக்கிளில் இரண்டு வகை. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கி.மீ., போட்டித் தூரம் அப்படியே. விடியுமுன் கிளம்பி, நண்பர்களோடு இளநீர், டிபன் என்று முடித்து வந்தால் ஞாயிறு காலை போச்சு. மனசுக்கு அதைப் போல மருந்தில்லை, சிலபஸுக்கு அதைப் போல எதிரியும் இல்லை. இன்னொரு வகை, வீட்டுக்குள் டிரெய்னர். பின் சக்கரத்தை உருளையில் பொருத்தி மிதிப்பது. பயண நேரம் பூஜ்யம். முதல் நாளே கீழ்வீட்டு மாமி படியேறி வந்தார்: "ஏம்பா, அஞ்சு மணிக்கே மாவு அரைக்கிறியா?" அடியில் பழைய ரப்பர் பாயை இரண்டாக மடித்துப் போட்டு, நேரத்தை மாலை ஆறரைக்கு மாற்றினேன். மாமி டி.வி. பார்க்கும் நேரம் அது, அந்தச் சத்தத்தில் இது கரைந்துவிடும். ஏப்ரலில் ஃபேனை நேராக வைத்தும் தரையில் வியர்வை குளம் கட்டும், அதற்கு ஒரு பழைய துண்டு.

முழு ஓய்வைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். விட்ட சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. அதனால் அதே உழைப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் மூச்சுத்திறன் இறங்குவது நன்றாகவே தெரியும். ஆனால் திரும்பத் தொடங்கினால் அது கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. உண்மையான ஆபத்து அங்கேதான்: மூச்சு தயாராகிவிடும், எலும்பு தயாராகியிருக்காது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஓடி மறுபடி படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வாதம் இன்னும் எளிது: "நாலு வாரம் ஓடலைன்னா மெடலா கைநழுவிப் போகுது?"

கடைசியில் நான் செய்தது: ஏப்ரல் முதல் வாரம் வரை டிரெய்னர் வாரத்துக்கு மூன்று முறை, குளம் சனிக்கிழமை மட்டும், ஓட்டம் அறவே இல்லை. பரீட்சைக்கு முந்தைய நான்கு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, சாயங்காலம் இருபது நிமிடம் நடந்தேன். குளத்தை இன்னொரு நாள் சேர்க்கலாமா என்று பலமுறை யோசித்தேன். அந்த இரண்டேகால் மணி நேரம் ஒவ்வொரு முறையும் தடுத்தது. காலில் விரிசல் என்று வந்திருந்தால் மட்டும் டிரெய்னரை விட்டு, டாக்டர் சொல்வதை அப்படியே கேட்டிருப்பேன்.

ஜூனில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கினேன். வலி இல்லை, மூச்சுதான் வாங்கியது. நீச்சலில் தண்ணீர் கைக்குள் நிற்காமல் வழுக்குவது போலிருந்தது, விட்டதில் முதலில் போனது அந்தப் பிடிதான். ஆகஸ்டுக்கு ஒலிம்பிக் தூரத்தை விட்டுவிட்டு 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. என்ற ஸ்பிரிண்டுக்கு மாற்றித் தரச் சொல்லி அமைப்பாளர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். அந்தப் பதிலும் வரவில்லை, பரீட்சை ரிசல்ட்டும் வரவில்லை. நாளைக்குக் காலை குளம்.