சாண்டியாகோ நினைவு மியூசியம், கண்டிப்பா போங்க

சிலி போனா சாண்டியாகோல இருக்குற நினைவு, மனித உரிமைகள் மியூசியத்துக்கு அரை நாள் ஒதுக்கிடுங்க, டிக்கெட் எல்லாம் கிடையாது, கின்டா நார்மல் மெட்ரோல இறங்குனா பக்கம் தான். ராணுவ சர்வாதிகாரி பினோசே ஆட்சில கொல்லப்பட்டவங்க, காணாம போனவங்க போட்டோ பெரிய சுவர் முழுக்க இருக்கு, எதிர்ல கண்ணாடி ரூம்ல நின்னு பாத்தப்போ தொண்டை அடைச்சிருச்சு.

என்னை அங்க இழுத்துட்டு போனது குவேக்கா சோலா தான். குவேக்கான்றது கைக்குட்டைய சுத்திக்கிட்டு ஜோடியா ஆடுற ஆட்டம், ஆனா 1978 மார்ச் 8 அன்னைக்கு காணாம போனவங்க வீட்டு பொம்பளைங்க மேடையேறி தனியா ஆடுனாங்க, அதான் குவேக்கா சோலா, அழுது அடக்கம் பண்ண உடம்பு கூட கிடைக்காதவங்க, பக்கத்துல காலியா கிடக்குற அந்த இடமே அவரு எங்கன்னு கேக்குது. கிழிசல் துணில அவங்க தச்ச அர்பில்லேராங்கற துணிப் படங்களையும் கிட்டப்போய் பாருங்க, குட்டி குட்டி பொம்மைங்க, ஒவ்வொரு தையலும் தெரியும். திங்கக்கிழமை லீவு.