ரெண்டு வீட்டுக்கு ஒரு காலண்டர்: கூகுள் காலண்டர், கிட்டத்தட்ட மூணு வருஷ அனுபவம்

நானும் என் பொண்ணோட அப்பாவும் பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. அப்ப அவளுக்கு ஆறு வயசு, இப்ப ஒன்பது. ரெண்டு வீட்லயும் மாறி மாறி தான் வளர்றா, அந்த போக்குவரத்து முழுக்க கூகுள் காலண்டர்ல தான் ஓடுது. ஆபீஸ் மீட்டிங்குக்கு தான் எல்லாரும் அத வெச்சிருக்காங்க, பிரிஞ்ச குடும்பத்துக்கு அது எப்படி உதவும்னு எனக்கும் ஆரம்பத்துல யாரும் சொல்லல, நாங்களா தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டது. அதனால விவரமாவே எழுதுறேன்.

முதல் நாலு மாசம் எங்ககிட்ட காலண்டர் எதுவும் இல்ல, வாட்ஸ்அப் தான். பழைய மெசேஜ தேடி தேடி "நீங்க தான வியாழக்கிழம சொன்னீங்க"ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக்கிட்டு இருப்போம். கோவம் ஜாஸ்தியானா ரெண்டு பேருமே பேச மாட்டோம், அப்ப சேதி யார் மூலமா போகும், குழந்தை மூலமா தான். "அப்பா சனிக்கிழம லேட்டா தான் வருவாங்களாம், சொல்லச் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பா, ஒரு கையால ஷூவோட வெல்க்ரோவ பிச்சு பிச்சு ஒட்டிக்கிட்டு. நான் யோசிக்காம "ஏன், இத முன்னாடியே சொல்ல முடியாதா"ன்னு கேட்டுட்டேன். அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி அது. அவ "தெரியலம்மா, ஸாரி"ன்னா. யார் செஞ்சதுக்கு யார் ஸாரி சொல்றது? அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கப்புறம் பிரிஞ்ச பெற்றோருக்குன்னே இருக்கற ஒரு ஆப்ப காசு கட்டி வாங்கினோம், பேரு வேணாம். ரெண்டு பேரும் தனித்தனியா சந்தா கட்டணும், அலர்ட் பாதி நாள் வராது, ஒரு மாசத்துல விட்டுட்டோம். ரெண்டு பேர் போன்லயும் ஏற்கனவே இருந்தது கூகுள் காலண்டர் தான், காசும் கிடையாது, சரி இதுலயே போவோம்னு முடிவு பண்ணினோம்.

செட் பண்ணின விதத்த சொல்றேன். ஒரே காலண்டர்ல எல்லாத்தயும் போடல. வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு காலண்டர், ஸ்கூலுக்குன்னு மூணாவது ஒண்ணு. கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சா அர மணி நேர வேல. ஷேர் பண்ணும்போது எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன உரிமை குடுக்கணும்னு கேக்கும், பிஸியா ஃப்ரீயான்னு மட்டும் பாக்கலாம், முழு விவரமும் பாக்கலாம், மாத்தவும் செய்யலாம், மாத்துறதோட ஷேரிங்கயும் அவங்களே பாத்துக்கலாம்னு படிப்படியா இருக்கு. நாங்க ரெண்டு பேருக்குமே மாத்தற உரிமைய குடுத்துக்கிட்டோம். இதுக்கு நான் முதல்ல ரொம்ப தயங்கினேன், என் பக்கத்த அவர் கை வெச்சு மாத்திட்டா என்ன பண்றதுன்னு பயம். இதுவரைக்கும் ஒரு தடவ கூட அப்படி நடக்கல. அப்படியே ஏதாவது கை தவறி அழிஞ்சாலும் ட்ராஷ்ல 30 நாள் இருக்கும், எடுத்துக்கலாம்.

சின்ன வயசுங்கறதால நாங்க 2-2-3 முறையில ஆரம்பிச்சோம். திங்கள் செவ்வாய் ஒரு வீடு, புதன் வியாழன் இன்னொரு வீடு, வெள்ளி சனி ஞாயிறு திரும்ப முதல் வீடு, அடுத்த வாரம் அப்படியே தலைகீழா. இதுல குழந்தை எந்த ஒருத்தரையும் சேந்தாப்புல மூணு நாளுக்கு மேல பாக்காம இருக்காது, 14 நாள்ல ரெண்டு பேருக்கும் ஏழு ஏழு நாள். நல்ல முறை தான், ஆனா தலையில வெச்சுக்கவே முடியாது, இந்த வெள்ளிக்கிழம யாரோடதுன்னு நடு ராத்திரி எந்திரிச்சு எண்ணிருக்கேன். காலண்டர்ல வீட்டுக்கு மூணுன்னு மொத்தம் ஆறு என்ட்ரி, ஒவ்வொண்ணும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ரிப்பீட், அவ்ளோதான், வருஷம் பூரா தானா நிக்கும். ஒரு நாள் மாத்திக்கணும்னா அந்த ஒரு நாள மட்டும் மாத்தவா, இதுக்கப்புறம் வர்ற எல்லாத்தயும் மாத்தவான்னு அதுவே கேக்கும். அவசரத்துல தப்பா தட்டிடாதீங்க, அது ஒண்ணுல மட்டும் நிதானம் வேணும்.

காலண்டருக்கு பேரு வெக்கறதுல தான் சிக்கல் வந்துச்சு. "அம்மா வீடு", "அப்பா வீடு"ன்னு தான் முதல்ல வெச்சேன். அவ எழுத்துக்கூட்டி படிச்சுட்டு "அப்போ என் வீடு எது"ன்னு கேட்டா. எனக்கு பதிலே வரல. அம்மா வீடுன்னா நமக்கெல்லாம் போயிட்டு திரும்பி வர்ற இடம்னு தான அர்த்தம், புள்ள தினம் இருந்து வளர்ற வீட்டுக்கு அந்த பேர வெச்சா அவ விருந்தாளி மாதிரி தான ஆயிடுறா. அவளயே கலர் எடுக்கச் சொன்னோம். என்னோடது பச்சை வீடு, அவரோடது ஆரஞ்சு வீடு. ரெண்டு பேரும் அவங்கவங்க போன்ல அதே கலர வெச்சுக்கிட்டோம், மாசா மாசம் பிரிண்ட் எடுத்து ரெண்டு வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் அதே பேப்பர் தான் ஒட்டிருக்கும். முன்னாடியெல்லாம் தூங்கறதுக்கு முன்ன "இன்னும் எத்தன தடவ தூங்கி எந்திரிச்சா அப்பாகிட்ட போவேன்"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா, அங்க போனா அம்மாகிட்ட எப்ப போவேன்னு அதே கேள்வியாம். பேப்பர் ஒட்டினதுக்கப்புறம் அவளே விரல வெச்சு கட்டம் கட்டமா எண்ணிட்டு போய் படுத்துப்பா.

இதுல எனக்கு அதிகமா உதவினது, ஒவ்வொரு என்ட்ரிக்குள்ளயும் விவரம் எழுத டிஸ்க்ரிப்ஷன்னு ஒரு கட்டம் இருக்கே, அது. மருந்து விஷயம் பூரா அதுல தான். போன வருஷம் அவளுக்கு காய்ச்சல், 5 நாள் ஆன்டிபயாட்டிக், முதல் ரெண்டு நாள் இங்க, மிச்சம் அங்க. ஒவ்வொரு வேளையயும் ஒரு என்ட்ரியா போட்டு, குடுத்த உடனே "குடுத்தாச்சு, 8.10"ன்னு எழுதிடுவோம். பாராசிட்டமால் குடுத்தா அடுத்த டோஸுக்கு குறைஞ்சது நாலு மணி நேரமாவது விடணும், ஒரு நாளைக்கு நாலு டோஸுக்கு மேல போகக் கூடாது. சாயங்காலம் வீடு மாறுற நாள்ல கடைசியா எப்ப குடுத்தாங்கன்னு யார கேக்குறது, காய்ச்சல்ல துவண்டு கிடக்கற புள்ளயயா? நாங்க நல்ல வார்த்த பேசிக்காத மாசங்கள்ல கூட அந்த கட்டத்துல "ராத்திரி லேசா சூடு இருந்துச்சு, இப்ப இல்ல"ன்னு அவர் எழுதிருப்பாரு. அத படிக்கும்போது மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு தளரும்.

ஒரு தடவ நல்லா அடிபட்டோம், அதயும் சொல்லிடுறேன். ஸ்கூல் சீக்கிரம் விடுற ஒரு நாள், என்ட்ரி போட்டு ஒரு மணி நேரம் முன்னாடி அலர்ட்டும் வெச்சேன். அது அவர் நாள். நான் வெச்ச அலர்ட் எனக்கு மட்டும் தான் அடிக்கும்னு எனக்கு தெரியாது, அவர் போன்ல அவர் தான் தனியா வெச்சுக்கணும். ஆபீஸ்ல என் போன் அடிச்சுது, அவருக்கும் அடிச்சிருக்கும்னு நான் வேலய பாத்துக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிஷம் அவ ஸ்கூல் கேட் பக்கத்துல பைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்கே ரெண்டு பேரும் அவங்கவங்க செட்டிங்ஸுக்குள்ள போயி மூணு காலண்டருக்கும் முதல் நாள் ஒண்ணு, ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணுன்னு போட்டோம். நீங்க ஆரம்பிச்சா முதல்ல இத பண்ணுங்க.

செலவு கணக்கு இதுல வராது, அதுக்கு ஒரு ஷீட் தனியா வெச்சிருக்கோம், தேதி, எதுக்கு, எவ்ளோ, யார் குடுத்தது, நாலு கட்டம் போதும். கோர்ட்டுக்கு ரெக்கார்டு வேணும்ங்கற நிலமையில இருக்கறவங்களுக்கும் காலண்டர் பத்தாது. பிரிஞ்ச பெற்றோருக்குன்னே 2001ல இருந்து இருக்கற OurFamilyWizard மாதிரி ஆப்ல மெசேஜ் அனுப்பினா அழிக்க முடியாது, எப்ப பாத்தாங்கன்னு நேரத்தோட பதியும், வார்த்த சூடா இருந்தா அனுப்பறதுக்கு முன்னாடியே எச்சரிக்கற டோன்மீட்டரும் இருக்கு. இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க: அடி உதை, மிரட்டல்னு வெளிய வந்தவங்க காலண்டர ஷேர் பண்ணாதீங்க. நீங்க எப்ப எங்க இருப்பீங்கன்னு எதிராளிக்கு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரி ஆயிடும். குழந்தைய பாக்க வைக்கறது வக்கீல் மூலமாவோ நம்பிக்கையான மூணாவது ஆள் மூலமாவோ நடக்கட்டும்.

முதல் வருஷம் பூரா "என் நாள்", "உங்க நாள்"ன்னு தான் நாங்க டைட்டில் போட்டுக்கிட்டு இருந்தோம். 1989ல ஐநா கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 9வது பிரிவ ஒரு நாள் படிச்சேன். பிரிஞ்சிருந்தாலும் ரெண்டு பேரோடவும் தொடர்ந்து நேரடியா பழகற உரிமை குழந்தைக்கு இருக்கு, அது குழந்தையோட நலனுக்கு எதிரா இருந்தா மட்டும் தான் விலக்குன்னு இருக்கு. அதுல உரிமைன்னு சொல்றது குழந்தையோடத. அம்மாவோட நாள், அப்பாவோட நாள்னு எதுவும் இல்ல. அத அவருக்கு அனுப்பினேன், ஒரு வரி பதில் கூட வரல. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ஆரஞ்சு வீட்டு என்ட்ரி எல்லாத்துலயும் டைட்டில் அவ பேரா மாறியிருந்துச்சு. நானும் என் பக்கத்துல மாத்திட்டேன்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு. சேதி சுமக்கற வேலய என் புள்ள தலையிலருந்து எறக்கி வெச்சதுக்கே அந்த நாலும்.

இப்ப அவ வளர்ந்துட்டா, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பைய தூக்கறது அலுப்பா இருக்குன்னு அவளே சொன்னா. அடுத்த மாசத்துலருந்து ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்க. ஆறு என்ட்ரிய நிறுத்திட்டு ரெண்டே ரெண்டு போட்டாச்சு. முழு வாரம் ஒருத்தர பாக்காம இருக்க முடியாது, நடுவுல புதன்கிழம சாயங்காலம் மட்டும் இன்னொரு வீட்டுக்கு போயிட்டு வரணும்னு கேட்டா. அத அவர் தான் போட்டாரு, 5 மணியிலருந்து 8 மணி வரைக்கும்.