பார்ட்டை மாற்றும் முன் சோதித்துப் பார்க்கும் கடை: கரூரில் ஒரு கணினி சர்வீஸ்

கரூர் ஜவஹர் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், பாத்திரக் கடையின் மாடியில், பெயர்ப்பலகைகூட வைக்காமல் ஒரு கணினி சர்வீஸ் கடை நடந்து வருகிறது. புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்திய நாளிலிருந்து வேலையின் நடுவே நின்றுபோய்க்கொண்டிருந்த என் கணினியை, வேறு இரண்டு இடங்களில் காட்டியும் தீராத நிலையில், இங்கேதான் சரிசெய்து வாங்கினேன். நான்கு மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கரூரின் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்களுக்காகத் திரைச்சீலை, மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு ஆகியவற்றின் டிசைன்களை, தறியில் சாம்பிள் ஓட்டும் முன்பே, பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படங்களாக்கித் தருவது என் தொழில். மாலையில் படங்களை வரிசையில் போட்டுவிட்டு உறங்கப் போனால், காலையில் அவை முடிந்திருக்க வேண்டும். துணி வாங்கும் பையருக்கு மின்னஞ்சல் போகும் நேரம் அது. பழைய ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால், 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர் வாங்கினேன். என்னிடமிருந்த 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதுமா என்று விற்ற கடையில் கேட்டபோது, தாராளமாகப் போதும் என்றே சொன்னார்கள்.

முதல் இரவிலேயே கணினி நின்றது. சில வேளைகளில் திரை ஓரிரு விநாடிகள் கறுத்துப் பின் மீண்டது; பல வேளைகளில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்து தானாகவே மறுபடி எழுந்தது. விண்டோஸ் பிழையைச் சொல்லி நிற்கும் நீலத்திரை ஒருமுறைகூட வரவில்லை. விற்ற கடையில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள். ஒரு நாள் முழுவதும் செலவிட்டு ஏற்றினேன், பயனில்லை. இன்னொரு சர்வீஸ் மையத்தில் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், கார்டு பழுது, வாரண்டிக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அப்படி அனுப்பியிருந்தால் கார்டு பல வாரங்கள் என் கையைவிட்டுப் போயிருக்கும் என்பதையும், பழுது கார்டிலேயே இல்லை என்பதையும் இப்போது நினைத்தால் மனம் பதறுகிறது.

மாடிக்கடையை நடத்துபவர் முப்பது வயதுக்குள் இருப்பார். நான் தொலைபேசியில் விவரத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்ண்ணா, நின்னு போறப்ப மானிட்டரும் சேந்து ஆஃப் ஆகுதுங்களா, இல்ல பொட்டி மட்டுங்களா?" மானிட்டரில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மிதந்துகொண்டிருக்கும் என்றேன். "அப்ப யூ.பி.எஸ். மேல தப்பு இல்லீங்க, பொட்டிய மட்டும் கொண்டாங்க" என்றார். என் மானிட்டரும் கணினியும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இருப்பதால், யூ.பி.எஸ். துண்டித்திருந்தால் இரண்டுமே அணைந்திருக்க வேண்டும். இரண்டு கடைகளில் யாரும் கேட்காத இந்தக் கேள்வியாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கடையில் அவர் எதையும் உடனே மாற்றவில்லை. கார்டைக் கழற்றி, ஸ்லாட்டைத் துடைத்து, பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்தினார். ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு இறக்கினார். இரண்டாலும் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. அதன்பின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து என்னை அருகில் உட்காரவைத்துக் காட்டினார். அதில் இரண்டு வகைப் பதிவுகள் கலந்து கிடந்தன. ஒன்று 4101: டிஸ்ப்ளே டிரைவர், அதாவது கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள், பதில் தராமல் நின்று பின்னர் மீண்டது என்று பொருள், கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்க முயலும், திரை கறுத்து மீண்டதன் காரணம் இதுவே. மற்றொன்று கெர்னல் பவர் 41: கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. இந்த 41ஐப் பார்த்தவுடன் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு என்று அவர் வலியுறுத்தினார். இரண்டு நோய்கள் ஒரே உடம்பில் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் அணுகுமுறை.

முதல் நோய் டிரைவரில் இருந்தது. விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தும் இது எப்படி என்று கேட்டேன். நான் பழைய கார்டை வைத்தே விண்டோஸை ஏற்றிப் பிறகுதான் புதியதை மாட்டியிருந்தேன். இணையம் இணைந்திருந்ததால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரை இறக்கிக்கொள்ள, அதன்மேல் நான் இன்னொன்றை ஏற்றியிருக்கிறேன். அவர் இணைய இணைப்பைத் துண்டித்து, குறைந்தபட்ச மென்பொருள்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து, டி.டி.யு. என்னும் இலவசக் கருவியால் பழைய டிரைவர் கோப்புகளை முழுவதும் நீக்கி, என்விடியா தளத்திலிருந்து முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த டிரைவரை ஏற்றினார். அதன்பின் 4101 வரவே இல்லை. ஆனால் படவேலை தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் கணினி மறுபடியும் அணைந்து எழுந்தது.

அடுத்து அவர் செய்த சோதனை ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது; வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஆஃப்டர்பர்னர் என்னும் மென்பொருளில் கார்டின் மின்வரம்பை 70 சதவீதமாகக் குறைத்தார். 220 வாட் எடுக்கும் கார்டு இப்போது 154 வாட் அளவிலேயே நிற்கும். அதே கோப்பு, அதே படங்கள், இரண்டு மணி நேரம் ஓடியும் கணினி அசையவில்லை. வரம்பை மீண்டும் 100 ஆக்கியதும் கால் மணி நேரத்தில் நின்றது. கார்டின் நினைவகமோ சில்லோ பழுதாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக மின்சார அளவைப் பின்பற்றி நடக்க வாய்ப்பு குறைவு என்றார்.

பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு லேபிளை டார்ச் அடித்துக் காட்டினார். எஸ்.எம்.பி.எஸ். வெவ்வேறு வோல்ட் அளவுகளில் தனித்தனி வரிசைகளாக மின்சாரம் தருகிறது; 500 வாட் என்பது அவை எல்லாவற்றுக்கும் சேர்த்த மொத்தக் கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் உண்மையில் இழுப்பது 12 வோல்ட் வரிசையை; அதில் அச்சிட்டிருந்தது 34 ஆம்பியர், அதாவது 408 வாட். கார்டுக்கு 220, முழு வேகத்தில் 100ஐத் தாண்டும் என் ப்ராசசர், விசிறிகள், வட்டுகள் எல்லாவற்றையும் கூட்டினால் விளிம்பில்தான் நிற்கிறது. அதுவும் ஏழு ஆண்டுகள் உழைத்த பெட்டி. போதாததற்கு, கார்டு கணநேரத்துக்குத் தன் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும். பழைய 1060க்கு 120 வாட் மட்டுமே தேவைப்பட்டதால் இத்தனை ஆண்டுகள் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்பது அட்டைப்பெட்டியைப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். விற்பவர் சொல்லை நம்பி நான் அதைப் படிக்காமல் விட்டேன்.

மல்டிமீட்டரின் முனைகளைக் கார்டுக்கு மின்சாரம் தரும் இணைப்பில் வைத்தபோது, சும்மா இருக்கையில் 12.1 வோல்ட் காட்டியது, பளு ஏறியதும் 11.3க்கு இறங்கியது. ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தரம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. மின்னழுத்தம் இப்படிச் சரிந்தால், மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குத் தரும் சைகை அறுபட்டு, போர்டு அந்த நொடியே தன்னை மறுதொடக்கம் செய்துகொள்கிறது; விண்டோஸுக்கு எதையும் பதிவுசெய்ய அவகாசம் கிடைப்பதில்லை. நீலத்திரை வராததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் கழற்றிக் கையில் கொடுத்தார். கார்டோடு வந்த இணைப்பான் இரண்டு 8 பின் முனைகளைக் கேட்கிறது, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரே கேபிள் இரண்டு தலையாகப் பிரிந்து வந்து இரண்டையும் நிரப்பியிருந்தது. ஒரு முனையின் வெள்ளை பிளாஸ்டிக், பால் தீய்ந்த பாத்திரத்தின் அடிபோல மெல்லப் பழுப்பேறியிருந்தது. இரண்டு தனித்தனிக் கேபிள்கள் இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பழுப்பைப் பார்த்த பிறகு, படுக்கையறைக்கு அடுத்த அறையில் இரவெல்லாம் இதை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறேனே என்ற அச்சம் இன்னும் போகவில்லை.

தன்னிடமிருந்த 750 வாட் சோதனை எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி ஒரு முழு இரவு ஓட்டி, பளுவிலும் 12 வோல்ட் நிலையாக நிற்பதைப் படமெடுத்து அனுப்பிய பிறகே புதியதை வாங்கச் சொன்னார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கோல்டு முத்திரை மின்சாரம் வீணாகாத திறனை மட்டுமே குறிக்கும், உள்ளிருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல என்று எச்சரித்து, 12 வோல்ட் ஆம்பியரையும் வாரண்டி ஆண்டுகளையும் பார்த்து எங்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் அவரிடமே 8,400 ரூபாய்க்கு வாங்கினேன். சோதனைக்கும் உழைப்புக்கும் சேர்த்து அவர் வாங்கியது 700 ரூபாய். அந்த உழைப்புக்கு இது குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

என் வீட்டு யூ.பி.எஸ். 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று அறிந்ததும், அதில் கிடைப்பது 360 வாட் அளவே என்பதால் முழுப் பளுவில் அது ஒருநாள் அலறி நிற்கும் என்றும் முன்கூட்டியே சொன்னார். இரண்டாம் வாரத்தில் அப்படியே நடந்தது. இம்முறை மானிட்டரும் சேர்ந்தே அணைந்ததால், காரணத்தை நானே கண்டுகொண்டு 1,000 வி.ஏ.வுக்கு மாறினேன்.

குறைகள் உண்டு. நாளை தருகிறேன் என்றவர் ஞாயிறையும் சேர்த்து ஐந்து நாட்கள் எடுத்துக்கொண்டார். வேலையில் இருக்கும்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. அளந்த அளவுகளைப் பில்லில் எழுதித் தரும் வழக்கமும் இல்லை. வாரண்டி கேட்டு வாதாட வேண்டியவர்களுக்கு அது அவசியம், அவர் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். கேபினெட்டின் பக்கக் கதவில் இரண்டு திருகாணிகள் இல்லாமல் வந்தன. கேட்டதும் வேறு இரண்டைத் தந்தார். அவசர வேலை கையில் இருப்பவர்கள் மாற்றுக் கணினிக்கு ஏற்பாடு செய்துகொண்டு போவதே நல்லது.

காலை பத்தரைக்குத் திறக்கிறார், ஞாயிறு விடுமுறை. பாத்திரக் கடையில் கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். மானிட்டரைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை; கேபினெட்டோடு அதன் பவர் கேபிளையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், அவர் அதையும் சோதித்துப் பார்க்கிறார்.