லைக்கன் பயிற்சி: இரண்டு நாள் போய் வந்த அனுபவம்

அறிவியல் ஆசிரியர்களுக்கான இந்தப் பயிற்சிக்கு அரை மனதோடுதான் போனேன். மரப்பட்டையில் சாம்பல் திட்டாக ஒட்டியிருப்பதைப் பாசி என்றே இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்! அதுதான் லைக்கன்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் காற்றை மாசாக்கும் கந்தக டை ஆக்ஸைடு கூடினால் முதலில் புதர்போல் தொங்கும் வகை காணாமல் போகிறது, பட்டையோடு ஒட்டிய வகை தாக்குப்பிடிக்கிறது. 1866-லேயே பாரிஸ் பூங்கா ஒன்றில் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் இதைக் கவனித்துவிட்டாராம்.

களவேலைதான் அருமை. 10 செ.மீ. கட்டங்கள் ஐந்து கொண்ட ஏணிச் சட்டத்தை மரத்தின் நான்கு திசையிலும் வைத்து உள்ளே இருந்த லைக்கன்களை எண்ணினோம். ஆரஞ்சு நிற லைக்கன் மீது ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டதும் கருஞ்சிவப்பாக மாறியது; பக்கத்தில் இருந்தவர் கைதட்டியே விட்டார்.

குறை? ஆறு பேருக்கு ஒரே லென்ஸ். அப்புறம், இரண்டாம் நாள் மதியம் முழுக்க ஸ்லைடு ஓட்டினார்கள், பாதிப்பேர் தூக்கம். சட்டத்தைக் கம்பியில் நானே செய்துவிட்டேன். அடுத்த வாரம் எட்டாம் வகுப்போடு மரம் பார்க்கப் போகிறோம்.