சென்னை ஈரத்தில் ஸ்டாண்டர்ட் பூடில்: வளர்ப்பு அனுபவம்

"முடியே கொட்டாது சார்" என்று சொல்லித்தான் பூடில் என்னும் சுருள்முடி நாயை விற்கிறார்கள். பாதி உண்மை. முடி உதிரத்தான் செய்கிறது; தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. உதிர்ந்த முடியும் வளரும் முடியும் பின்னிக்கொண்டு தோலை ஒட்டிச் சடை பிடிக்கும். லேப்ரடார் வளர்க்கும் வீட்டில் துடைப்பத்துக்குப் போகிற நேரம் இங்கே சீப்புக்குப் போகும், கொஞ்சம் கூடுதலாகவே. அலர்ஜிக்காக இந்த இனத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தும்மலைக் கிளப்பும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. பூடிலுக்கும் எச்சில் உண்டு. பூடில் இருக்கும் ஒரு வீட்டில் சில மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பொம்மை மாதிரி வெட்டிவிடுவதால் அலங்கார நாய் என்று பெயர் எடுத்துவிட்டது. உண்மையில் சுடப்பட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்வி வருவதற்காக உருவான இனம். நாய் இனங்களை வகைப்படுத்தும் எஃப்.சி.ஐ. என்னும் சர்வதேச அமைப்பு இதைத் துணை நாய்களுக்கான 9-ஆம் குழுவில் வைத்திருக்கிறது; போர்ச்சுகீஸ் வாட்டர் டாக், லகோட்டோ, பார்பெட் எல்லாம் 8-ஆம் குழுவின் 'வாட்டர் டாக்' பிரிவில் வருகின்றன. பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016-இல் நிறுத்தியதால், அந்த மற்ற இனங்களை இங்கே பார்ப்பதே அபூர்வம். ஸ்டாண்டர்ட் அளவு என்றால் தோள் உயரம் 45 முதல் 60 செ.மீ. சென்னையில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் டாய், மினியேச்சர் என்னும் சிறிய அளவுகள். குட்டியை வைத்து அளவைச் சொல்ல முடியாது. தாய் தகப்பனை நேரில் பாருங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் ஸ்கேனரில் வரும் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். இடுப்பு எக்ஸ்ரே, பி.ஆர்.ஏ. என்னும் கண்நோய்க்கான மரபணுச் சோதனை இரண்டும் பெற்றோருக்குச் செய்திருக்கிறார்களா என்று கேட்டால் பல விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

வெயிலை இந்த நாய் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நேரத்தை மாற்றினால் வெயிலைச் சமாளித்துவிடலாம். சென்னையில் இந்த ரோமத்துக்கு எதிரி ஈரம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், விரலை விட்டால் அடியில் பிசுபிசுக்கும். இந்த ஊர்க் காற்றில் அது தானாகக் காயாது. அடுத்த நாள் வாடை, இரண்டு மூன்று நாளில் சொறிதல், பிறகு முடி கொட்டிச் சிவந்து கசியும் புண். குளிப்பாட்டுவது அரை வேலை. வேர்வரை காயவைப்பதுதான் முழு வேலை.

முறை இதுதான். சிக்கு எடுக்காமல் தண்ணீர் ஊற்றவே கூடாது. நனைந்து காய்ந்த சடை இறுகிவிடும், பிறகு மழிப்பதைத் தவிர வழியில்லை. ஷாம்பூவை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து (பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி) ஒரு மக்கில் வைத்துக்கொண்டு தோலில் படும்படி ஊற்றுங்கள். நேராகப் பிழிந்தால் சுருளுக்குள் தங்கிவிடும், அலசினாலும் போகாது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் ஷாம்பூவோடு சேர்ந்து முடியில் ஒரு படலம் படியும்; சொரசொரப்பும் சிக்கும் கூடும். முழுக்குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ வாட்டர் எடுத்து வைத்தால் போதும்.

துண்டால் தேய்க்காதீர்கள், அமுக்கி எடுங்கள். தேய்த்தால் அங்கேயே புதுச் சிக்கு விழும். அடுத்து பெட் ப்ளோயர், அதாவது நாய் முடி காயவைக்க வேகமாகக் காற்றை ஊதும் கருவி. மனிதர்கள் பயன்படுத்தும் ஹேர் டிரையர் சூட்டை நம்பியிருக்கிறது, காற்று வேகம் போதாது. சுருள் விரியாமல் தோல்தான் சுடும். ப்ளோயரைச் சூடு இல்லாமல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காற்று பட்ட இடத்தில் முடி பிரிந்து தோல் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது சடை இருக்கிறது. முகத்துக்கும் காதுக்கும் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று செ.மீ. முடியுள்ள பெரிய நாய்க்கு ஒரு மணி நேரம் ஆகும். அறையில் ஏ.சி.யை டிரை மோடில் ஓடவிட்டால் வேலை கணிசமாகக் குறையும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், விரல் இடுக்கு, வாலடி: இந்த ஐந்து இடங்களிலும் விரலை விட்டுப் பார்க்காமல் முடிக்காதீர்கள். ஈரத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. அது குழைந்து தோலில் அப்பிக்கொள்ளும்.

சீவுவதிலும் ஏமாற்று நிறைய. ஸ்லிக்கர் என்னும் மெல்லிய கம்பி பிரஷ்ஷை மேலாக ஓட்டினால் நாய் புசுபுசுவென்று அழகாக இருக்கும், அடியில் கம்பளம் உருவாகிக்கொண்டிருக்கும். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிய ஒரு வகிடு எடுங்கள். வகிட்டுக்குக் கீழே உள்ள முடியை நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஒரு செ.மீ. மேலே ஏறி அடுத்த வகிடு. கடைசியில் ஸ்டீல் சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வர வேண்டும், அதுதான் சோதனை. வறண்ட முடியைச் சீவினால் உடையும். தண்ணீரில் கலந்த கண்டிஷனரை லேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அழுத்தி இழுத்தால் ஸ்லிக்கர் கம்பி தோலைக் கீறிவிடும். கத்தரிக்கோலால் சடையை வெட்டவே கூடாது. சடைக்குள் தோலும் இழுபட்டு ஏறியிருக்கும்; முடி என்று நினைத்துத் தோலை வெட்டித் தையல் போட வேண்டிவரும்.

ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். இந்தக் காலத்தில் நேற்றுச் சீவிய இடத்தில் இன்று சடை இருக்கும். பலர் கைவிடுவது இப்போதுதான். நீள முடி ஆசையைத் தள்ளிவைத்துவிட்டுக் குட்டையாக வெட்டிவிடுவது இருவருக்கும் நல்லது.

சென்னைக்குப் பொருத்தமான வெட்டு: உடலில் கிளிப்பர் மெஷினின் 4எஃப் எண் பிளேடு, சுமார் 9 மி.மீ. முடி விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 7எஃப், சுமார் 3 மி.மீ. முகம், பாதம், ஆசனவாய்ச் சுற்று, அடிவயிறு எல்லாவற்றுக்கும் 10-ஆம் எண் பிளேடு. வெயிலுக்கு நல்லது என்று தோல்வரை மழிக்கச் சொல்லாதீர்கள், தோல் வெந்துவிடும். பிளேடு சூடாகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு தேவை. சலூனுக்கு அனுப்பினால் "கூண்டு டிரையரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கையால் காயவையுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். கழுத்துப்பட்டையை வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். ஹார்னஸ் உரசும் அக்குளில் சடை நிச்சயம்.

காது தொங்குவதால் உள்ளே காற்றோட்டம் இல்லை, துவாரத்திலும் முடி வளரும். வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு போல் வாடை, பழுப்பு அழுக்கு, தலையை உதறிக்கொண்டே இருப்பது: பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். செவிப்பறை சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்கு முன் எந்தச் சொட்டு மருந்தும் விடக்கூடாது. நன்றாக இருக்கும் காதில் முடியைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிடுங்கிய இடத்தில்தான் வீக்கம் ஆரம்பிக்கிறது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் காதுக்கு மட்டும் அது சரி.

உண்ணி விஷயத்தில் சுருள் முடி ஒரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். ஃப்ளூரலேனர் மாத்திரை உண்ணிக்குப் பன்னிரண்டு வாரம்வரை தாங்கும், அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம். வலிப்பு வரும் நாய்க்கு இவற்றைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றே இரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோயில் இரத்தத் தட்டணுக்கள் சரிந்திருக்கும். உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி முட்டையிடும் என்பதால் நாய்க்கு மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் பயனில்லை.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். இந்த இனம் குட்டையைப் பார்த்தால் நிற்காது, அதனால் கயிற்றை விடவே முடியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். லெப்டோ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். கடலுக்கு ஆசைப்பட்டால் காலை ஆறு மணிக்குத் திருவான்மியூர் கரை போதும்; அலை இழுப்பு பலமான கடல் என்பதால் நீளக் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும், முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகாவிட்டால் உப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுக்கும். வீடு திரும்பியதும் உப்பையும் மணலையும் அலசி, மறுபடியும் அந்த ஒரு மணி நேரக் காயவைப்பு. ஞாயிறு உலா எவ்வளவு நேரம் என்று திட்டமிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் நடை காலை ஆறரைக்குள், இரவு எட்டுக்கு மேல். புறங்கையை ஐந்து விநாடி தாரில் வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. புத்திக்கு வேலை கொடுக்காமல் நடை மட்டும் கொடுத்தால் ஃபிளாட்டில் குரைத்தே அசோசியேஷன் கடிதம் வாங்கித் தரும். பொருளை ஒளித்துவைத்துத் தேடச்சொல்வது, எடுத்துவரச் சொல்வது என்று இருபது நிமிடம் போதும், அடங்கிவிடும். மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் சின்ன வெங்காயம் போட்ட சாம்பார், திராட்சை போட்ட பாயசம் இரண்டும் விஷம். அதைவிட முக்கியம் வயிறு. ரோமத்தைக் கவனிக்காமல் விட்டால் மழித்துச் சரிசெய்துவிடலாம். இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். மார்பு ஆழமான பெரிய இனம் என்பதால் ஸ்டாண்டர்டுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் இருப்பது, வயிறு உப்புவது, எச்சில் ஒழுகுவது, படுக்க முடியாமல் உலாவுவது: இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் அறுவையைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இரவில் அறுவை செய்யக்கூடிய மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே போன் செய்து உறுதிப்படுத்தி, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.