நூரியா பள்ளத்தாக்கு ஒருநாள் டூர்: மேலே ஏற்றிவிட்டுக் கைகழுவுகிறார்கள்

பார்சிலோனா பக்கம் இருக்கிற நம்மவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து நான்கு இடம் காட்டலாம் என்று திட்டம் போடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ‘நூரியா பள்ளத்தாக்கு, பல்சக்கர ரயில், ஒரே நாள், இந்தியச் சாப்பாடு’ என்று இன்ஸ்டாகிராமில் சுற்றும் விளம்பரங்களில் ஒன்றை நம்பி நானும் மனைவியும் என் பெற்றோரும் போனோம். மேலே போகிற ரயிலுக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார்கள். திரும்பி வர ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு.

‘இதென்ன பெரிய விஷயம், கீழே வர இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். நூரியா தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பிரனீஸ் மலையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, 1964 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. அங்கே கார் போகும் சாலையே கிடையாது. டாக்ஸி, பஸ், வாடகை வண்டி எதுவும் வராது. மேலே இருக்கிற ஹோட்டலுக்கு அரிசி பருப்பு போவதுகூட ரயிலில்தான். ஒன்று ரயில், இல்லாவிட்டால் நடந்துதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைத் திரும்பும் டிக்கெட் இல்லாமல் இறக்கிவிடுவதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரயிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1931 மார்ச் 22 முதல் ஓடுகிறது. கீழே ரிபஸ் தெ ஃப்ரேசர் ஊரில் 905 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 12.5 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. முதல் சில கிலோமீட்டர் சாதாரணத் தண்டவாளம். அப்புறம் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை வந்து சேர்கிறது, வண்டிக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் ஏற்றம். அப்பா காரமடைக்காரர், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலை ரயிலைப் பார்த்தே வளர்ந்தவர். அங்கேயும் இங்கேயும் பல்பட்டையைப் பிடித்து ஏறும் ஒரே ஆப்ட் முறைதான், ஆனால் நம் பாதையின் ஏற்றம் இதில் ஏறக்குறைய பாதிதான் என்று நான் சொன்னதிலிருந்து, ஸ்பெயினில் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியது இது: காலை எட்டு மணிக்கு பிளாசா கட்டலூனியா அருகே வேன். ரிபஸிலிருந்து நூரியா வரை முழுப் பாதையிலும் ரயில், அதிலும் முன்பதிவு செய்த ஜன்னல் சீட். மதியம் சூடான இந்தியச் சாப்பாடு. மாலை ஏழு மணிக்கு வீடு. ஆளுக்கு 95 யூரோ. மேலே கேபிள் கார் வேண்டுமானால் தனியாக 12 யூரோ. முழுப் பணத்தையும் முன்கூட்டியே பிசும் (போனிலிருந்து போனுக்குப் பணம் அனுப்பும் ஸ்பானிய வசதி) வழியாக அனுப்பச் சொன்னார். கார்டு வாங்குவதில்லையாம், ‘மெஷின் ரிப்பேர் ப்ரோ’.

வேன் ஒன்பதேகாலுக்கு வந்தது. அப்புறம் இன்னும் இரண்டு ஹோட்டல் வாசலில் நின்று ஆட்களை ஏற்றியது. ரிபஸ் ஊருக்குள் நுழைந்ததும் ரயில் நிலையம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம், வேன் நிற்காமல் மலை ஏறிவிட்டது. நேராகக் கெரால்ப்ஸ். கார் போகக்கூடிய கடைசி ஊர் அதுதான், ரயில் பாதைக்கு ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. ‘கீழே பார்க்கிங் இல்லை’ என்றார் ஓட்டுநர். நியாயமாகச் சொல்வதென்றால், பாதையின் அழகான பகுதி கெரால்ப்ஸுக்கு மேலேதான். சுரங்கங்கள், கிடுகிடு பள்ளம், அருவி எல்லாம் அங்கேதான் வருகின்றன. பாதிப் பாதையை வெட்டியது மட்டும் என்றால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

ஜன்னல் சீட் என்றார்களே, அந்த ரயிலில் சீட் எண்ணே கிடையாது. முதலில் ஏறுகிறவருக்கு ஜன்னல். நாங்கள் கடைசியில் ஏறினோம். அம்மாவுக்கு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். சூடான இந்தியச் சாப்பாடு என்பது ஆளுக்கு இரண்டு ஆறிப்போன சமோசாவும் ஒரு ஜூஸ் டப்பாவும்.

டிக்கெட்டை ஓட்டுநர் கையில் திணித்தது ரயில் கிளம்ப ஓரிரு நிமிடம் இருக்கும்போது. கும்பலில் யாருக்கும் அதைப் படிக்க நேரமில்லை. ‘அஞ்சு மணிக்கு இதே இடத்துக்கு வந்துடுங்க’ என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டார். உட்கார்ந்த பிறகு மனைவிதான் பார்த்தாள்: கெரால்ப்ஸ் முதல் நூரியா வரை, ஒருவழி.

மேலே இறங்கியதும் விற்றவருக்குப் போன் செய்தேன். பதில் அப்படியே: ‘ரிட்டர்ன் எதுக்கு ப்ரோ? அழகான பழைய பாதை இருக்கு. எல்லாமே இறக்கம்தான், ஒரு மணி நேரம்.’ அவர் சொன்ன பாதை ரயில் வருவதற்கு முன்னால் யாத்திரிகர்கள் நடந்த வழி, காமி வெல் என்று பெயர். ஏழு கிலோமீட்டர், எழுநூறு மீட்டருக்கு மேல் இறக்கம், பள்ளத்தை ஒட்டிக் கல்லும் படியுமாகப் போகிறது. நடந்து பழகியவர்களே இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். கோடைப் பிற்பகலில் பிரனீஸில் திடீரென்று இடி மழை பிடிக்கும், ஈரமான பாறையில் கால் நிற்காது. முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். செருப்போடு வந்திருக்கும் பெரியவர்களை இதில் இறங்கச் சொல்கிற ஆள் இந்தப் பாதையைப் பார்த்தே இருக்க மாட்டார். பார்த்திருந்தால் இன்னும் மோசம்.

கவுன்டரில் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்களிடம் தனியாக 12 யூரோ வாங்கிய அந்தக் கேபிள் கார், அன்றைக்கு ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். கவுன்டர் பெண் அதைச் சொல்லிவிட்டு எங்கள் ரசீதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கீழே போக ஒருவழி டிக்கெட் வாங்கினோம். இரண்டு ஒருவழி சேர்ந்தால் போய்வரும் டிக்கெட்டைவிட அதிகமாகிறது, அதுவும் எங்கள் தலையில். அடுத்த ரயிலில் இடம் இல்லை, அதற்கடுத்ததில்தான் கிடைத்தது.

காத்திருந்த நேரத்தில் அங்கிருக்கும் நூரியா மாதா கோயிலுக்குள் போனோம். அங்கே ஒரு பானையும் மணியும் இருக்கின்றன. ஆதியில் அங்கே தங்கியிருந்த ஜில் என்ற துறவி மேய்ப்பர்களுக்குச் சமைத்துப்போட்ட பானை, சாப்பிடக் கூப்பிட்ட மணி என்று ஐதீகம். குழந்தை வேண்டுகிறவர்கள் பானைக்குள் தலையை விட்டு மணியடிப்பார்கள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவில் இத்தனை பெண்களுக்கு நூரியா என்று பெயர் இருப்பது இந்தக் கோயிலால்தான். அம்மா அதைக் கேட்டதும் என் மனைவியைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதற்குள் ஒரு மெசேஜ் வந்தது: மற்ற குடும்பத்துக்கு விமானம் இருக்கிறது, வேன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும், காத்திருக்காது. எங்கள் ரயில் கெரால்ப்ஸ் போய்ச் சேரவே ஐந்தரை ஆகும். வேறு வழியில்லாமல் ரிபஸ் வரைக்கும் டிக்கெட்டை மாற்றி வாங்கி, அங்கிருந்து பார்சிலோனா போகும் ஆர் 3 என்ற சாதாரண ரயிலைப் பிடித்து, இரவு பத்து மணிக்கு மேல் வீடு வந்தோம். எங்களோடு வேனில் வந்த ஓர் இளம் ஜோடி அந்த ஆளின் பேச்சைக் கேட்டு நடந்தே இறங்கியது. அவர்களுக்கு இரண்டரை மணி நேரம். கீழே வந்து பார்த்தால் வேன் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: ‘ரயில் பயணம் உண்டுன்னுதான் போட்டிருக்கோம், ரெண்டு பயணம்னு எங்கே போட்டிருக்கோம்?’ அன்று இரவே பழைய வாட்ஸ்அப் செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தார். மனைவி முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள்.

விசாரித்ததில் தெரிந்த சில விஷயங்கள் உங்களுக்கும் உதவும். பயணம், தங்கல் என்று சேர்த்து விற்கிற பேக்கேஜ்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது, ஏற்பாட்டாளர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்கிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் முடிகிற, இரவுத் தங்கல் இல்லாத டூர் அதில் வராது. ஒருநாள் டூர் விற்பவர்களுக்கு இது வசதியான ஓட்டை. பொதுவான நுகர்வோர் சட்டம் மட்டும்தான் நமக்கு. கட்டலோனியாவில் பயண ஏஜென்சிகளுக்கு ஜிசி என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பணம் அனுப்பும் முன் அதைக் கேளுங்கள். எங்கள் ஆளிடம் அப்படி எதுவும் இல்லை, ரசீதில் முகவரிகூட இல்லை. பிசும் வழியாகப் போன பணம் போனதுதான், ரத்து செய்ய முடியாது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடவாவது வழி உண்டு. கார்டு வாங்க மாட்டேன் என்கிறவரிடம் டூர் வாங்காதீர்கள்.

உண்மையில் நூரியாவுக்கு யாருடைய டூரும் தேவையில்லை. பார்சிலோனா சான்ட்ஸிலோ பிளாசா கட்டலூனியாவிலோ ஆர் 3 ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும், ரிபஸ் தெ ஃப்ரேசரில் இறங்கினால் பல்சக்கர ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர் 3 பெரும்பாலும் ஒற்றைத் தடம், வேலை நடந்தால் நடுவில் பஸ்ஸில் மாற்றுவார்கள், அதனால் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பல்சக்கர ரயில் டிக்கெட்டை அவர்களுடைய தளத்திலேயே வாங்கலாம். கட்டலானில் ‘அனாடா இ தொர்னாடா’ என்றோ ஸ்பானியத்தில் ‘இதா இ வுவெல்தா’ என்றோ இருந்தால்தான் போய்வரும் டிக்கெட். அதன் விலை எங்களிடம் வாங்கிய 95 யூரோவில் பாதிகூட வராது. பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாட்களும் உண்டு, தேதி பார்த்துப் போங்கள். மேலே போனதும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏரியைச் சுற்றுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுகளோடு கட்டலோனிய நுகர்வோர் துறைக்கு ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். பதிவு எண் இல்லாமல் டூர் விற்பதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். அந்த ஜோடியும் கொடுத்திருக்கிறார்கள். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள், ஒரே ஆள் மேல் நாலைந்து புகார் சேர்ந்தால் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன். புகார் விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்து, நேற்று ஒரு சமாதானச் செய்தி அனுப்பியிருந்தார்: பணம் திருப்பித் தர முடியாதாம், ஆனால் அடுத்த மோன்செராட் டூரில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்.