கப் கேடட் கிளட்ச்: பில்லில் ஏறிய வேலை, ஃபிரேமுக்குள் நடக்காத வேலை

1961 மாடலில் தொடங்கி, 1981-இல் வேறு கைக்கு விற்கும் வரை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த கப் கேடட் என்ற சிறு தோட்ட டிராக்டர்களின் கியர் வகைகளில், கியர்பாக்ஸுக்கு இழுவை பெல்ட்டில் போகாது. ஒரே ஒரு ஷாஃப்ட்தான். கிளட்ச், ஸ்பிரிங், பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எல்லாம் அதிலேயே கோத்து ஃபிரேமுக்குள் கிடக்கும். வெளியே எதுவும் தெரியாததால் ஏமாற்றவும் வசதி.

கியர் போடும்போது கரகரப்பு என்று ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டி. "ஷாஃப்ட் இறக்கி கிளட்ச் டிஸ்க், பேரிங் மாற்றம்" என்று பில். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மேட்டில் கிளட்ச் வழுக்கல், கருகல் நாற்றம், பெடலைத் தொடாமலே பேரிங் கிறீச்சிடல்.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்ததும் விஷயம் புரிந்தது. ஷாஃப்டை உருவ, பின்பக்கக் கப்ளிங்கில் உள்ள காயில் பின்னை (சுருட்டிய ஸ்பிரிங் தகட்டு ஆணி) தட்டி எடுத்தே ஆக வேண்டும். அந்தப் பின்னின் தலைமேல் பழைய கிரீஸும் புல்தூளும் காய்ந்து அடையாக அப்படியே இருந்தன. பளபளத்தது, பெடலையும் ரிலீஸ் லீவரையும் இணைக்கும் கிளட்ச் ராடின் நட்டு மட்டும்! அதை முறுக்கிவிட்டு முழுக் கூலி வாங்கியிருக்கிறார்கள். பழைய டிஸ்க் எங்கே என்றால் குப்பைக்குப் போய்விட்டதாம்.

ரிலீஸ் லீவருக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.050 அங்குலம், அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நட்டை அதற்குமேல் முறுக்கினால் லீவர் பேரிங்கில் எப்போதும் சாய்ந்து நிற்கும். பெடலில் கால் வைத்தே ஓட்டுவது மாதிரி. ஸ்பிரிங் டிஸ்க்கை முழுதாக அழுத்தாது. டிஸ்க் எரியும், பேரிங் போகும். கரகரப்பு தற்காலிகமாக நிற்பதும் இதனால்தான்.

வண்டியை விடும் முன் காயில் பின்னின் தலையில் பெயின்ட் பொட்டு வையுங்கள். திரும்ப வரும்போது பொட்டு அப்படியே இருந்தால் ஷாஃப்ட் இறங்கவில்லை. ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) லீவர் இடைவெளியையும் பாருங்கள். கழற்றிய டிஸ்க்கைக் கையில் வாங்குங்கள்: இன்ஜின் பக்கம் டிஸ்க்கைச் சுழற்றும் டிரைவர் தட்டின் மூன்று பின்கள் நுழையும் துளைகள் முட்டை வடிவாகியிருந்தால், அந்தப் பின்களிலும் பள்ளம் விழுந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினால் புதுசையும் அரித்துவிடும்.

நிஜமாகவே கழற்றினார்கள் என்றாலும் கப்ளிங்கில் என்ன பின் போட்டார்கள் என்று கேளுங்கள். கால் அங்குலத் துளைக்கு 6 மி.மீ. பின்னைத் தட்டி விடுவார்கள். அது பிடிமானமில்லாமல் ஆடி, ஷாஃப்ட் துளையையே அகட்டிவிடும். துளையோரம் சிவந்த துருப்பொடி கசிந்தால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது, வண்டியை நிறுத்துங்கள்.